சால்வைக்குள் கை

தோல் பேட்டையில் வாய்ப் பேச்சை யாரும் பொருட்படுத்துவதில்லை. வந்தவனுக்கு டீ சொல்லவும் போனவனைத் திட்டவும் ஆண்டவன் கொடுத்தது வாய். வியாபாரம் பேசுவது கைதான். விற்பவனும் வாங்குபவனும் எதிரெதிரே நின்று, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இருவர் கைக்கும் மேலே போட்டுக்கொள்வார்கள். உள்ளே ஒரு விரலைப் பிடித்தால் ஒரு விலை, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் வேறு விலை. வெளியே வாய் அது பாட்டுக்கு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். படியாவிட்டால் கையை உருவிக்கொள்வார்கள். படிந்துவிட்டால் முழுக்கையையும் அமுக்கிப் பிடித்து ஒரு குலுக்கு. அதற்கு மேல் பத்திரமும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம்.

வாயால் எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், அது தொழில். துண்டுக்குள்ளே பொய் சொன்னவன் என்ற பெயர் மட்டும் அந்தப் பேட்டையில் அதுவரை யாருக்கும் கிடையாது. முடிந்த விலையை வெளியே சொல்லும் வழக்கமும் இல்லை. யாராவது கேட்டால், "ஒண்ணும் படியலப்பா" என்பார்கள். கேட்டவன் படிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு போவான்.

முகமது பாரூக்கின் அத்தா இதில் பேர் போன தரகர். அவரைக் கபரில் இறக்கியபோது பாதிப் பேட்டையின் ரகசியமும் கூடவே இறங்கிற்று என்பார்கள். மகனுக்கு உப்புத்தோல் நாற்றம் ஆகவில்லை. மீசை முளைத்த கையோடு பட்டாளத்தில் போய்ச் சேர்ந்தான். அறுபத்திரண்டாம் வருஷத்துச் சீனச் சண்டை அவனைத் திருப்பி அனுப்பிவைத்தது. வலக்கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலில் பாதியும் மட்டும் மிச்சம்.

குண்டு பட்டிருந்தாலாவது ஊர் மதித்திருக்கும். பட்டதோ பனி. திண்டுக்கல்லில் பனி என்றால் மார்கழி விடியலில் தலையில் துண்டு கட்டிக்கொள்கிற சமாச்சாரம். அது விரலைத் தின்னும் என்றால் எவன் நம்புவான்?

"பனிக்கு வெரல் போகுமாப்பா? சிறுமலையிலயுந்தான் குளிருது. அங்கன வாழைத்தார் வெட்டுறவன் அம்புட்டுப் பேரும் வெரலோடதான திரியிறான்?" என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

அரசாங்கம் கொடுத்த பென்ஷன் கஞ்சிக்குக் காணும், வெஞ்சனத்துக்குக் காணாது. வீட்டில் அம்மா ஜெய்தூன் பீவி, கல்யாண வயதில் தங்கச்சி மெஹராஜ். பாரூக் அத்தாவின் தொழிலுக்கே வந்து நின்றான். வந்து நின்ற பிறகுதான் கதை தெரிந்தது. அவன் துண்டை விரித்தால் யாரும் கையை நுழைப்பதில்லை. "உன் கையில எதைப் பிடிச்சு நான் என்ன வெலை கேக்க?" என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் அதைக்கூடச் சொல்லவில்லை. இடக்கையை நீட்டினால் அவமானப்படுத்தியதாகிவிடும். வலக்கையைத் தொடுவதற்கு அவர்களுக்குக் கூச்சம். எத்தனையோ செத்த மாட்டின் தோலை உருவிய கைகளுக்குக் கூச்சம்!

அந்தக் கையைக் கூசாமல் பிடித்தவன் ஒருவன்தான். செம்பட்டிப் பக்கத்து ஊர்களில் சுற்றித் தோல் சேர்த்துக்கொண்டு வரும் சின்னக்கண்ணு. பாரூக்கை விட மூத்தவன், வாயாடி. "எனக்கு இதுதான் அப்பு தோது. மத்தவன் அஞ்சு வெரலால ஏமாத்துறான், நீ ஒண்ணரை வெரலால எம்புட்டு ஏமாத்தப் போற?" என்பான். அவன் கொண்டுவருகிற நாலு தோலில் பாரூக்குக்குக் கிடைத்தது பீடிக் காசு. அதை அவன் தர்மமாக நினைக்கவில்லை, பாரூக்கும் நினைக்கவில்லை.

மெஹராஜை மண்டிக்கார ஜெகபர் அலியின் மகன் முனீருக்குக் கொடுப்பதாகச் சண்டைக்கு முன்னமே பேச்சு. பாரூக்கின் கையைப் பார்த்த நாளிலிருந்து ஜெகபர் அலிக்கு அந்தப் பேச்சு மறந்துவிட்டது. பள்ளிவாசலில் எதிர்ப்பட்டால் சலாம் சொல்வார், மழையைப் பற்றிக் கேட்பார். கல்யாணம் நின்றுபோனது என்று வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. ஜெய்தூன் பீவி வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்திருப்பாள். பால்காரனாக இருக்கும்.

இந்த நிலைமையில்தான் நவம்பர் மாசம் கிறிஸ்தவக் கல்லூரியிலிருந்து பவுல்ராஜ் வந்தான். பர்மா சண்டையில் கால் ஊனமானவன், இப்போது கல்லூரி வாசலில் காவல். வருஷா வருஷம் அங்கே படைவீரர் நாள் கொண்டாடுவார்கள். வெள்ளைக்காரப் பாதிரிமார் காலத்துப் பழக்கம். அவர்கள் கப்பலேறிய பிறகும் பழக்கம் கப்பலேறவில்லை.

"இந்த வருசம் நீயும் மேடையில உக்காரணுமாம், பிரின்சிபால் அய்யா சொல்லிவிட்டாரு. சால்வை போடுவாங்க."

"சால்வைய வச்சு என்னண்ணே பண்ண?"

"எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? எங்க வீட்டுல பெட்டி நிறையக் கெடக்கு. சால்வையத்தான் கூட்டுறான், சம்பளத்தக் கூட்ட மாட்டேங்கிறான். சரி, கேக்கு குடுப்பாங்க, வா."

பிரின்சிபால் ஞானராஜ் தங்கமான மனிதர். மேடை ஏறுமுன் பாரூக்கை உட்காரவைத்து, எங்கே, எப்படி என்று விசாரித்தார். பனி என்று கேட்டதும் பேனாவை நிறுத்தினார். "குண்டுன்னு வச்சுக்குவமே தம்பி. பசங்களுக்குச் சட்டுன்னு விளங்கும்" என்றார். பாரூக் எழுந்து நின்றான். பட்டாளத்தில் பெரியவர்கள் சொன்னதற்கெல்லாம் எழுந்து நின்று பழகிவிட்டது.

மணி அடித்தது. கூட்டம் தலைகுனிந்து நின்றது. பாடகர் குழு பாடி முடித்ததும், "எதிரியின் குண்டுக்கு விரல்களைக் காணிக்கையாக்கிய வீரர்" என்று ஞானராஜ் அறிவித்தார். மாணவர்கள் கை தட்டினார்கள். ஊர் வியாபாரிகளுக்கும் அழைப்பு இருந்ததால் பின் வரிசையில் தோல் பேட்டை மொத்தமும் உட்கார்ந்திருந்தது. ஜெகபர் அலி நடுவில். சின்னக்கண்ணு நாற்காலி கிடைக்காமல் தூணோரம் நின்றான்.

தலைமை விருந்தினர் மதுரையிலிருந்து வந்த ஓய்வு பெற்ற கர்னல். சால்வையைப் போர்த்திவிட்டுக் கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் எதிரே வந்த கையைப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை, அந்த மட்டுக்கு நல்லவர். கூட்டத்தின் கண்ணுக்கு அது தெரிய வேண்டாம் என்று நினைத்தாரோ, அவராலேயே பார்க்க முடியவில்லையோ, சால்வையின் தொங்கலை இழுத்து இருவர் கைக்கும் மேலே போட்டார். உள்ளே பாரூக்கின் கையை முழுசாக அமுக்கிப் பிடித்தார். குனிந்து, பட்டாளத்து இந்துஸ்தானியில், காதோடு கேட்டார்:

"கையுறை போட்டுக்கலையா ஜவான்?"

"வந்து சேரலை, சாப்."

"அச்சா, அச்சா" என்று தலையாட்டி, பிடித்த கையை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

பேசியது இவ்வளவுதான். ஆனால் பின் வரிசையில் பேட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. துணி மேலே விழுந்தது. கை உள்ளே போனது. காதோடு ஒரு பேச்சு, பெரியவரின் தலையாட்டல், கடைசியில் முழுக்கைக் குலுக்கு. அது என்னவென்று அந்த ஆட்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கேக் வருவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. சீனாக்காரனிடம் உதை வாங்கிய பிறகு பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள். ஆளுக்குப் பூட்ஸ் வேண்டும், பூட்ஸுக்குத் தோல் வேண்டும். கர்னல் வேறு எதற்காகத் தோல் தரகர் மகன் கையைத் துணிக்குள் பிடிக்கிறார்?

"என்ன அப்பு, முடிஞ்சுதா?" என்று வாசலில் சின்னக்கண்ணு கண்ணடித்தான்.

"என்னத்தண்ணே முடிய? ஒண்ணுமில்ல."

"அது சரி! உங்க அத்தா மகன்ல நீ" என்று சின்னக்கண்ணு சந்தோஷத்தில் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான்.

மறுநாளே செருப்புச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை பால்காரன் இல்லை. ஜெகபர் அலி, பின்னால் பழத்தட்டோடு இரண்டு ஆள்.

"என்ன தங்கச்சி, புள்ளையள வச்சுக்கிட்டுப் பேசாம இருந்தா எப்பிடி? நோன்புக்கு முன்னாடி நிக்காஹ முடிச்சிருவம்" என்றார், இவ்வளவு நாள் பேசாதிருந்தது ஜெய்தூன் பீவிதான் என்பது போல.

பாரூக் அவரை வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னான். "மாமா, ஊரு என்னென்னமோ பேசுது. கர்னல் எனக்கு எதுவும் குடுக்கல. பூட்ஸும் கெடையாது, ஆர்டரும் கெடையாது. கையுறை ஏன் போடலைன்னு கேட்டாரு, அம்புட்டுத்தான்."

ஜெகபர் அலி அவனை மெச்சிப் பார்த்தார். "கையுறையா! உங்க அத்தா கூட இம்புட்டு அழகா மறைச்சதில்லப்பா. எனக்கு ஒண்ணும் தெரிய வேணாம், போ."

அவன் குர்ஆன் மேல் ஆணையாகச் சொல்கிறேன் என்றான். அவர் அவன் வாயைப் பொத்தினார். "தொழில் பேச்சுக்கு அதை இழுக்காத. எனக்குப் புரிஞ்சிருச்சு."

பாரூக்கை நம்பியது மெஹராஜ் மட்டும். கையுறை என்று கேட்டதும் அவள் முகம் வெளிறிவிட்டது. "அதத்தான் கேட்டாராண்ணே?" என்றாள். பிறகு, "மாமாகிட்ட உண்மையச் சொல்லிட்டியா?" என்றாள்.

"சொன்னேன்மா. நம்ப மாட்டேங்கிறாரு."

"அப்ப அது அவுக பாடு. நீ மட்டும் பொய் சொல்லிறாத. பொய்யச் சொல்லி என்ன அனுப்புனன்னா அந்த வீட்டுல எனக்குச் சோறு எறங்காது."

அவன் சொல்லவில்லை. பேட்டையில் கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை இல்லை என்றே சொன்னான். ஒவ்வொரு இல்லைக்கும் தோல் விலை ஏறியது. ஜெகபர் அலி கண்ணில் பட்ட தோலையெல்லாம் வளைத்தார். குடோன் நிரம்பி வழிந்தது. உப்புப் போட்டு ஆற வைக்க அவருக்குப் பொறுமையில்லை, பச்சையாகவே அடுக்கினார். அந்தக் கார்த்திகை மழையும் வஞ்சனையில்லாமல் பெய்தது. கூரை ஒழுகிற்று. அடி அடுக்கில் மயிர் கழன்று வர ஆரம்பித்தது. ஆர்டர் வரவில்லை.

நிக்காஹுக்கு நாள் நெருங்கியபோது ஜெகபர் அலி பாரூக்கைக் குடோனுக்குக் கூப்பிட்டார். உள்ளே நின்றால் கண் எரிந்தது.

"வாய்ப் பேச்சு வேணாம்" என்று சொல்லித் துண்டை எடுத்து விரித்தார்.

முதல் முறையாக அவர் அவன் கையைத் தொட்டார். துண்டுக்குள் அவர் விரல்கள் தேடின. விரல் இருக்க வேண்டிய இடத்தில் மொட்டையாய் இறுகிப்போன தோல். ஒன்று, அடுத்தது, அதற்கும் அடுத்தது. பூட்ஸ் எவ்வளவு என்று அந்த மொட்டைகளை அவர் அமுக்கிக் கேட்டார். பாரூக் கையை உருவிக்கொண்டான். படியவில்லை என்று அர்த்தம். துண்டுக்குள் நடந்தது, ஆகவே நிஜம்.

ஜெகபர் அலி தோல் அடுக்கைப் பார்த்தார். கோபப்படுவார் என்று பாரூக் நினைத்தான். வியாபாரிக்குக் கோபம் வருவது நஷ்டம் முடிந்த பிறகு. இவருக்கு நஷ்டம் இன்னும் முடியவில்லை. அவர் துண்டைத் திரும்பப் போட்டு அவன் கையைத் தானே எடுத்துப் பிடித்தார்.

"மெஹராஜு நம்ம வீட்டுக்கு வரும். குறிச்ச நாள்ல வரும். நீ ஒண்ணும் செய்ய வேணாம். இத்தன நாளு சொன்ன மாதிரியே வெளிய போயி இல்லன்னு சொல்லிக்கிட்டுத் திரி. இந்தத் தோலு போற எடத்துக்குப் போயிரும்."

"யாராவது துண்டப் போட்டுக் கேட்டா, மாமா?"

"உன் கைய எவன்டா பிடிக்கப் போறான்?"

முழுக்கையையும் அமுக்கி ஒரு குலுக்கு. ஊர் திரும்பிய பிறகு அந்தப் பேட்டையில் பாரூக்கின் கை முடித்த முதல் பெரிய பேரம் அதுதான்.

பிடிக்கப் போகிறவன் யார் என்று அவனுக்குத் தெரிந்தேயிருந்தது. இரண்டாம் நாள் சின்னக்கண்ணு வந்தான். தலையில் புதுசாக எண்ணெய் தடவி வாரியிருந்தான்.

"ஜெகபர் பாய் பாதிக் குடோனத் தள்ளி விடுறாராம்லப்பா. மகன் கல்யாணச் செலவாம். நான் கேட்டேன், தாரேன்னுட்டாரு. எம் பொஞ்சாதி பெருமாயி பேருல கெணத்தடி நெலம் கெடக்கு, அதக் குடுத்துரலாம்னு இருக்கேன். அவ அழுவுறா. பொம்பளைக்கு என்ன தெரியும்? நீ சொல்லு."

"நான்தான் இல்ல இல்லன்னு சொல்றேன்லண்ணே, எல்லாருக்கிட்டயும்."

"அது ஊருக்குச் சொல்றது." சின்னக்கண்ணு சிரித்துக்கொண்டே துண்டை எடுத்தான். "எனக்கு இதுல சொல்லு."

துண்டுக்குள் அந்தக் கை கூசாமல் வந்து பாரூக்கின் கையைப் பிடித்தது. வழக்கமாகப் பிடிக்கிற மாதிரியே, பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற பதத்தில். உருவிக்கொண்டால் போதும். ஒரு வார்த்தை வேண்டாம். உருவினால் சின்னக்கண்ணு ஊருக்குப் போய்விடுவான். பெருமாயி அழுகையை நிறுத்துவாள். ஜெகபர் அலியின் தோல் குடோனிலேயே புழுக்கும். அம்மா மறுபடியும் வாசலில் செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்காருவாள். மெஹராஜ் அடுப்படியில் வயசாவாள்.

வெளியே சின்னக்கண்ணு, "மழ விட்டுரும்போல" என்றான்.

பாரூக் தனக்கிருந்த கட்டைவிரலையும் பாதி விரலையும் வைத்து அந்தக் கையை அழுத்திப் பிடித்தான். ஒரு குலுக்கு.

"இது போதும் அப்பு" என்றான் சின்னக்கண்ணு. அவன் கண் கலங்கிவிட்டது.

நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. பிரியாணிச் சட்டி வாசனையைத் தாண்டிக்கொண்டு குடோன் நாற்றம் வந்தது. ஊதுவத்தியை அள்ளிக் கொளுத்தினார்கள். சின்னக்கண்ணு செம்பட்டியில் வாடகைக்குக் கொட்டகை பிடித்துத் தோலை அடுக்கிவைத்துக் காத்திருந்தான். நோன்பு வந்தது, பெருநாள் போனது. கோடை வெயிலுக்குக் கொட்டகையை அண்ட முடியாமல் பக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் பள்ளம் தோண்டிப் புதைக்கச் சொல்லிப் பஞ்சாயத்து ஆகிற்று. ஆளுக்குக் கூலி கொடுக்க முடியாமல் அவனே தோண்டினான். கிணற்றடி நிலத்தை வாங்கியவன் வரப்பை வெட்டிவிட்டான். பெருமாயி அண்ணன் வீட்டுக்குப் போனாள். சின்னக்கண்ணு சிறுமலையில் வாழைத்தார் சுமக்கப் போனான்.

செய்தி தெரிந்த பிறகு பாரூக் தங்கச்சியைப் பார்க்கப் போனான். அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். முனீர் நல்ல பிள்ளை. அவள் கழுத்தும் காதும் நிறைவாகத்தான் இருந்தன.

"செம்பட்டி அண்ணன் துண்டப் போட்டுக் கேட்டாராமே, மாமா சொல்லிச் சிரிச்சாரு. உன் கை என்ன சொன்னுச்சுண்ணே?" என்றாள்.

அவன் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தான். அதற்குப் பிறகு பெருநாளுக்கு மட்டும் போவான். அவள் டீ வைப்பாள். அதோடு சரி.

அடுத்த நவம்பரில் பவுல்ராஜ் மறுபடியும் காலை இழுத்துக்கொண்டு வந்தான். வரவில்லை என்று சொல்ல பாரூக்குக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. அதே மேடை, அதே மணி, அதே பாட்டு. ஞானராஜ் குண்டுக் கதையை இந்த வருஷம் இன்னும் கொஞ்சம் வளர்த்திருந்தார். பின் வரிசையில் பேட்டைக்காரர்கள் யாரும் இல்லை. கர்னலோடு சேர்ந்துகொண்டு தோலில் விளையாடியவன் பாரூக் என்று ஊரில் பேச்சு. ஜெகபர் அலிதான் கிளப்பினார். அவர் தப்பித்ததற்கும் ஒரு காரணம் வேண்டுமே.

வாசல் பக்கம் தூணோரம் ஓர் ஆள் நின்றான். தோளில் வாழைக்கறை படிந்த துண்டு. கன்னம் ஒட்டியிருந்தது. முதலில் அடையாளம் தெரியவில்லை.

மேடைக்கு ஏறுமுன் சின்னக்கண்ணு அவன் கையைப் பிடித்து ஓரமாய் இழுத்தான். மலையிலிருந்து இதற்காகவே இறங்கி வந்திருக்கிறான். பஸ் கிடைக்காமல் நடந்தே வந்தானாம்.

"போன வருசம் என்னமோ தட்டிப்போச்சு அப்பு. அரசாங்கக் காரியம் அப்பிடித்தான் இழுக்கும். பரவால்ல. இந்த வருசம் விட்டுறாத. கெட்டியாப் பேசி முடிச்சிரு. நெலத்த மீட்டுப்புட்டா அவ வந்துருவா."

"அண்ணே, ஆர்டர்னு ஒண்ணு கெடையவே கெடையாதுண்ணே. அன்னைக்கு நான் உன் கையப் பிடிச்சது பொய். பொய்யிண்ணே."

சின்னக்கண்ணு அவனையே பார்த்தான். பிறகு ஒட்டின கன்னம் மெல்ல விரிந்தது. "துண்டுக்குள்ள பொய்யா? யாருகிட்ட கதை விடுற? உங்க அத்தா மகன்ல நீ" என்று முதுகில் தட்டினான். தட்டில் பழைய பலம் இல்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். பாரூக் மேடையேறினான். அதே கர்னல். ஒரு வருஷத்தில் அவருக்கு அவனை மறந்துவிட்டிருந்தது. சால்வையைப் போர்த்திவிட்டு, சிரித்தபடி கையை நீட்டினார்.

பாரூக் கையை வெளியே எடுக்கவில்லை. கர்னல் பார்ப்பதற்குள் தானே சால்வைத் தொங்கலை இழுத்து இருவர் கைக்கும் மேலே போட்டு மூடினான். கர்னல் உள்ளே தொட்டதும் ஒரு கணம் திகைத்தார். பிறகு நாகரிகமாக அமுக்கிப் பிடித்துக் குலுக்கினார்.

தூணோரத்தில் சின்னக்கண்ணு தோளிலிருந்த துண்டை எடுத்து, தலைக்கு மேலே உயர்த்தி ஆட்டினான். கூட்டத்தில் முதலில் கை தட்டியது அவன்தான்.